சுவருக்குள் மூன்று மண்: க்ளோ த வூஜோவின் கதை

முதல்ல வழக்கமான அறிவிப்பைச் சொல்லிடறேன். மது உடல்நலத்துக்குக் கேடு. இந்த எபிசோடு யாரையும் குடிக்கச் சொல்றதுக்காக இல்லை. இது ஒரு சுவரோட கதை, அந்தச் சுவருக்குள்ள இருக்கிற மண்ணோட கதை.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு நவம்பர் மாசம். பிரான்ஸில் பர்கண்டி பகுதியில் இருக்கிற டிஜோன் நகரத்தில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கிட்டுத் தெற்கே கிளம்பினேன். ஒன்றரை மணி நேரம் மிதிச்சா வூஜோ என்று ஒரு சின்னக் கிராமம் வரும். நான் போய்ச் சேரவும் மழை விடவும் சரியா இருந்தது. அறுவடை முடிஞ்சு இலையெல்லாம் கொட்டிப்போய், இடுப்பு உயரத் திராட்சைக் கொடிகள் மொட்டையா வரிசை கட்டி நின்னுக்கிட்டிருந்தது. சுற்றிலும் கல் சுவர். உள்ளே சுமார் 50 ஹெக்டேர், நம்ம கணக்குக்கு 125 ஏக்கர். அதுதான் க்ளோ த வூஜோ. 'க்ளோ' என்றால் பிரெஞ்சில் சுவர் எழுப்பி அடைத்த தோட்டம்.

நெடுஞ்சாலை ஓரமா, சுவரின் கீழ்க்கோடியில் சைக்கிளைச் சாய்ச்சு வெச்சுட்டு நடந்தேன். பத்தடி வெச்சதுமே ஷூ கனக்க ஆரம்பிச்சது. பிசுபிசுன்னு களிமண். வரிசைகளுக்கு நடுவில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிக்குது. சரிவில் மெல்ல மேலே போகப் போக மண்ணின் நிறம் மாறுது, ஒட்டுறது குறையுது. மேல் சுவர்கிட்ட போனப்போ காலடியில் சரளை நொறுங்குற சத்தம் மட்டும்தான். தண்ணீர் ஒரு சொட்டு நிக்கலை. ரெண்டு இடத்திலேயும் பெய்தது ஒரே மழை. நான் நடந்தது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஏறின உயரம், அஞ்சு மாடி அபார்ட்மென்ட் அளவு இருந்தா அதிகம்.

ஆனா மேலே விளையுற திராட்சையில் செய்த ஒயினுக்கும், கீழே தண்ணீர் தேங்குற இடத்தில் விளையுற திராட்சையில் செய்த ஒயினுக்கும் பாட்டிலில் ஒரே பெயர்தான். ஒரே தரம்தான். சாதாரணத் தரம் இல்லை, 'கிராண்ட் க்ரூ' என்று பர்கண்டியில் கொடுக்கப்படுகிற ஆக உயர்ந்த தரம்.

பர்கண்டி என்றாலே உலகம் முழுக்க ஒயின்காரர்கள் சொல்ற வார்த்தை 'தெர்வார்'. மண், சரிவு, வெயில் படுகிற திசை, காற்று, மழை, எல்லாம் சேர்ந்த ஒரு இடத்தின் குணம் ஒயினில் தெரியும் என்கிற நம்பிக்கை. வேடிக்கை என்னன்னா, பழைய பிரெஞ்சில் ஒரு ஒயினில் தெர்வார் தெரியுதுன்னு சொன்னா அது பாராட்டு இல்லை, மண்வாடை அடிக்குது, பட்டிக்காட்டுச் சரக்கு என்று அர்த்தம். இன்னிக்கு அதுவே பெருமை. பக்கத்துப் பக்கத்துப் பாத்தி ரெண்டுக்கும் சுவை வேற, அதனால விலை வேற, அதனால பேர் வேற என்பதுதான் பர்கண்டியோட மொத்த வியாபாரமும். அப்படிப்பட்ட ஊரில், ஷூவுக்கே தெரிஞ்ச வித்தியாசம் லேபிளுக்கு மட்டும் ஏன் தெரியலை? இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் இந்த எபிசோடைத் தயார் செஞ்சேன்.

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம். பர்கண்டியில் பெயர்பெற்ற தோட்டங்கள் எல்லாம் டிஜோனுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ஒல்லியான சரிவில் இருக்கு. பல இடங்களில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட கிடையாது. மேற்கே மேட்டுநிலம், கிழக்கே சோன் நதியின் சமவெளி. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னாடி, ஜுராசிக் காலத்தில், இது ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். சிப்பிகளும் கடல் உயிர்களும் செத்துப் படிஞ்சு சுண்ணாம்புக்கல் ஆச்சு. அப்புறம் ஆல்ப்ஸ் மலை எழும்பின காலத்தில் இந்தப் பக்கம் நிலம் பிளந்து கிழக்குப் பகுதி கீழே இறங்கிடுச்சு. இறங்காம நின்ன விளிம்புதான் இந்தச் சரிவு. பிளவு ஒன்றல்ல, பல. அதனால வெவ்வேறு காலத்துப் பாறைகள் படிக்கட்டை உடைச்சுப் போட்ட மாதிரி பக்கத்துப் பக்கத்தில் வெளியே தெரியும். நூறு, இருநூறு மீட்டருக்கு ஒருமுறை அடிப்பாறை மாறுது.

அடுத்தது திசை. சரிவு கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்து இருக்கு. நம்ம ஊரில் ஒரு விவசாயிகிட்ட போய், 'உங்க வயலுக்குக் காலை வெயில் எப்படி?'ன்னு கேட்டா சிரிப்பார். நமக்கு வெயில் ஒரு பிரச்சினையே இல்லை, நிழல்தான் பிரச்சினை. ஆனா இந்த இடம் 47 டிகிரி வட அட்சரேகை. அங்கே சூரியன் உச்சிக்கு வராது, சாய்வாகவே போகும். சமதரையில் வெயில் பரவி வீணாகும். சரிவான நிலம் அதை நெஞ்சு நிமிர்த்தி வாங்கிக்கும். கிழக்குப் பார்த்த சரிவில் காலை வெயில் முதல்ல விழும். இரவுக் குளிரில் உறைஞ்ச மண் சீக்கிரம் சூடாகும், பனி ஈரம் சீக்கிரம் காயும், பூஞ்சை வர்றது குறையும். மேற்கிலிருந்து வர்ற மழைக்காற்றை முதுகுப்பக்க மேட்டுநிலம் ஓரளவு தடுத்துடும். இங்கே நடுற 'பினோ நுவார்' திராட்சைக்குத் தோல் மெல்லிசு. சீக்கிரமே துளிர்க்கும், சீக்கிரமே பழுக்கும், கொஞ்சம் வெயில் கூடினாலும் வதங்கும், கொஞ்சம் ஈரம் கூடினாலும் அழுகும். செல்லப் பிள்ளை மாதிரி.

சரிவிலும் எல்லா உயரமும் ஒண்ணு இல்லை. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிதான், பள்ளத்தை நோக்கி வழியும். வசந்தகால இரவுகளில் அது கீழே போய்த் தேங்கி, இளந்துளிரைக் கருக்கிடும். மேலே போனால் குளிரும் காற்றும் அதிகம், மண்ணும் மெல்லிசு. அதனால பர்கண்டி வரைபடத்தில் உயர்ந்த தரத் தோட்டங்கள் பெரும்பாலும் சரிவின் இடுப்பில் ஒரு ஒட்டியாணம் மாதிரி ஓடும். கீழே இறங்க இறங்கத் தரமும் இறங்கும். பக்கத்து ஊரான வோன் ரொமானேயில் நெடுஞ்சாலையைத் தொடுற தோட்டங்கள் வெறும் கிராமப் பெயரில்தான் விற்கும். ஆனா வூஜோவில் கிராண்ட் க்ரூ அப்படியே இறங்கி வந்து நெடுஞ்சாலையில் காலை நனைக்குது.

இதுக்குக் காரணம் தேடினா, கதை ஒரு சதுப்பு நிலத்துக்குப் போகுது.

1098இல் ராபர்ட் என்கிற துறவி, தன் மடம் வசதியாகிடுச்சு, கட்டுப்பாடு தளர்ந்துடுச்சுன்னு வெளியேறி, சில சகாக்களோட சோன் சமவெளியில் சீத்தோ என்ற சேற்றுக்காட்டில் புது மடம் தொடங்கினார். அதிலிருந்து கிளைச்சதுதான் சிஸ்டர்சியன் சபை. கையால் உழைச்சுச் சாப்பிடணும், ஆடம்பரம் கூடாது. ஆனா ஒயின் இல்லாம பூசை நடக்காது. அவங்க பின்பற்றின பெனடிக்ட் விதிகளும் ஒவ்வொரு துறவிக்கும் தினம் ஒரு சின்ன அளவு ஒயினை அனுமதிக்குது. சேற்றில் நல்ல திராட்சை வராது. சில மைல் மேற்கே சரிவு தெரியுது. அங்கே வூஜோ பக்கத்தில் துண்டு துண்டாக நிலம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. செத்த பிறகு ஆன்மாவுக்காகப் பிரார்த்தனை நடக்கட்டும்னு பிரபுக்கள் எழுதிக்கொடுத்தது கொஞ்சம், விலைக்கு வாங்கினது கொஞ்சம், மாற்றிக்கிட்டது கொஞ்சம். இரண்டு நூற்றாண்டுக்கு மேல சேர்த்து, 1336க்குள் சுற்றிலும் சுவர் எழுப்பி முடிச்சாங்க.

துறவிகள் மண்ணை வாயில் போட்டு ருசி பார்த்துத் தோட்டம் பிரிச்சாங்கன்னு ஒரு கதை எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கும். அழகான கதை, ஆனா கதைதான். எனக்கு அதைவிடச் சாதாரணமான விளக்கம்தான் பிடிச்சிருக்கு. ஒரு தனி விவசாயிக்கு ஒரு வாழ்நாளில் நாற்பது அறுவடை கிடைக்கும். அவர் கத்துக்கிட்டது பாதி அவரோடயே போயிடும். மடத்துக்குச் சாவு கிடையாது. ஒரே நிலம், ஒரே செடி, ஒரே பிழிபொறி, தலைமுறை தலைமுறையா அதே வேலை. எந்த மூலை சீக்கிரம் பழுக்குது, எந்த மூலையில் பனி அடிக்குது, எந்தப் பீப்பாய் பத்து வருஷம் தாங்குதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஆச்சரியம் இல்லை. சும்மா இருந்தாலே தெரிஞ்சுடும்.

இன்னொரு கதையும் உண்டு. மேல் பகுதியில் விளைஞ்சது போப்பாண்டவருக்கு, நடுப்பகுதி ராஜாவுக்கு, கீழ்ப்பகுதி துறவிகளுக்கே என்று மூணா பிரிச்சு ஒயின் செஞ்சாங்களாம். இதுக்கும் ஆவணம் கேட்டால் கை விரிப்பாங்க. ஆனா இந்தக் கதை ஒரு உண்மையைத் தெரிஞ்சு வெச்சிருக்கு பாருங்க. சுவருக்குள்ள மண் ஒண்ணு இல்லை, மூணு. மேலே சுமார் நாற்பது சென்டிமீட்டர் மண்தான், கல்லும் சரளையும் கலந்தது, அதுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. நடுவில் களியும் சுண்ணாம்பும் கலந்த பழுப்பு மண், கொஞ்சம் ஆழம். கீழே நூற்றாண்டுகளாக மேலேயிருந்து அடிச்சுக்கிட்டு வந்த வண்டலும் களியும், ஒரு மீட்டர் ஆழத்துக்கு.

இந்த மூணு மண்ணும் ஒயினை எப்படி மாத்துது? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குறாங்க. சுண்ணாம்புக்கல்லில் வளர்ந்த கொடி சுண்ணாம்பை உறிஞ்சி ஒயினுக்கு ஒரு 'மினரல்' சுவை கொடுக்குதுன்னு ருசி பார்க்கிறவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் மாதிரியானவர்கள் இதைப் பல வருஷமா மறுத்துக்கிட்டு வர்றாங்க. கொடி வேர் வழியா எடுக்கிறது தண்ணீரில் கரைஞ்ச சத்துகளைத்தான், அதுவும் ரொம்பக் கொஞ்சம். பாறைக்குச் சுவையும் கிடையாது, அது திராட்சைக்குள்ள ஏறவும் செய்யாது.

அப்போ மண்ணுக்கு வேலையே இல்லையா? இருக்கு. அந்த வேலையின் பெயர் தண்ணீர். போர்தோ பகுதியில் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சி செஞ்ச ஜெரார் செகுவான் இதைத்தான் காட்டினார். பெயர்பெற்ற தோட்டங்களின் மண் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருந்தது. ஒரு இடத்தில் சரளை, ஒரு இடத்தில் களி, இன்னொரு இடத்தில் சுண்ணாம்பு. ஆனா எல்லாத்துக்கும் ஒரு பொதுக்குணம்: மழை பெய்தால் தண்ணீரைச் சீக்கிரம் வடிச்சுடும், காய்ஞ்சால் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருக்கும். கொடிக்குத் தாகம் இருக்கும், ஆனா சாகாது.

அந்தத் தாகம்தான் முக்கியம். கோடை நடுவில் தண்ணீர் குறைஞ்சால் கொடி புதுத் தளிர் விடுறதை நிறுத்திடும். கையில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் பழத்துக்கு அனுப்பும். பழம் சின்னதா இருக்கும். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் வாசனையில் பெரும்பகுதியும் தோலிலிருந்துதான் வருது. பழம் சின்னதானால் சாற்றைவிடத் தோலின் பங்கு கூடும். தண்ணீர் தாராளமா இருந்தால் கொடி இலை விட்டுக்கிட்டே கொழுக்கும், பழம் ஊதும், சாறு நீர்த்துப்போகும். நம்ம ஊரில் தண்ணீர் அதிகம் பாய்ச்சின தர்பூசணி சப்புன்னு இருக்குன்னு சொல்வோமே, அதே கணக்கு.

இப்போ என் ஷூவுக்கு வருவோம். க்ளோ த வூஜோவின் மேல் பகுதியில் மழைத்தண்ணீர் சரளை வழியா இறங்கி, பாறை வெடிப்புக்குள்ள போயிடுது. வேர் அந்த வெடிப்புகளைத் தேடிப் போகணும். கீழ்ப்பகுதியில் தண்ணீர் போக வழியில்லாம களியில் நிக்குது. ஈரமான களி குளிர்ச்சியும்கூட, சூடாக நேரம் எடுக்கும், பழம் பழுக்கத் தாமதமாகும். மழை அதிகமான வருஷங்களில் கீழ்ப்பகுதி ஒயின் தட்டையா, கொஞ்சம் முரடா இருக்கும் என்பது அந்த ஊரில் பழகின பேச்சு. மேல் சுவரைத் தாண்டினா அந்தப் பக்கம் மூசிஞி என்ற தோட்டம். பர்கண்டியின் ஆகச் சிறந்தவற்றில் ஒண்ணு. க்ளோவின் மேல்முனைக்குச் சொந்தம் கொண்டாடத் தகுதியான பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான், கீழ்முனையில் இருக்கிற சொந்தக்காரர் இல்லை.

மண்ணைப் பற்றிப் பேசுறப்போ இன்னொண்ணும் சொல்லணும். 'இயற்கை கொடுத்த மண்'னு சொல்றது பாதிதான் உண்மை. சரிவில் மழை பெய்தால் மண் கீழே போகும். அதைக் கூடையில் அள்ளித் தலையிலும் முதுகிலும் சுமந்து திரும்ப மேலே கொண்டுபோய்க் கொட்டுறது அந்த ஊர்க் கூலியாட்களுக்கு நூற்றாண்டுகளாக வருஷா வருஷம் வேலை. 18ஆம் நூற்றாண்டில் ரொமானே கோந்தி தோட்டத்துக்கு மேட்டுநிலத்திலிருந்து வண்டி வண்டியாக மண் அடிச்சிருக்காங்க. உலகத்திலேயே விலை உயர்ந்த ஒயின்களில் ஒண்ணு விளையுற, 2 ஹெக்டேர்கூட இல்லாத அதே தோட்டம். அங்கே 1945இல் விளைஞ்ச ஒரே ஒரு பாட்டில் 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போச்சு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு பெயர் தெரியாத யாரோ ஒருத்தர் சுமந்த கூடைக்கும் சேரணும் என்று எனக்குத் தோணும்.

ஆட்சியாளர்களும் சும்மா இருக்கலை. 1395இல் பர்கண்டியின் கோமகன் ஃபிலிப் ஒரு ஆணை போட்டார். 'காமே' என்ற திராட்சையைப் பிடுங்கி எறியணும். அது நிறையக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும், ஏழை விவசாயிக்கு லாபம். ஆனா ஒயின் மட்டமா இருக்கு, பர்கண்டியின் பேர் கெடுதுன்னு அவர் கோபம். அந்தச் செடியை நேர்மையில்லாத செடின்னு திட்டியே எழுதினார். தோட்டத்துக்கு எரு போடவும் தடை. அவருக்குக் கவலை மண்ணைப் பற்றியா, ஏற்றுமதியைப் பற்றியா? ரெண்டும்தான். விரட்டப்பட்ட காமே தெற்கே போஜொலே பகுதியின் கருங்கல் மண்ணில் வேர் விட்டு, இன்னிக்கு அங்கே ராஜாவா இருக்கு. செடியில் குற்றம் இல்லை, இடம்தான் வேற.

சரி, லேபிள் கேள்விக்கு வரலாம்.

துறவிகள் இருந்த வரைக்கும் க்ளோ ஒரே கையில் இருந்தது. ஒரே இடத்தில் பிழிஞ்சாங்க. பிரம்மாண்டமான அந்த மரப் பிழிபொறிகள் இன்னும் தோட்டத்து மாளிகையில் இருக்கு, போனா பார்க்கலாம். மூணு மண்ணின் ஒயினும் அவங்க கையில் இருந்ததால், எதை எவ்வளவு கலக்கணும்னு அவங்களால் முடிவு பண்ண முடிஞ்சது. வறட்சி வருஷத்தில் கீழ்ப்பகுதி கைகொடுக்கும், மழை வருஷத்தில் மேல் பகுதி. க்ளோ த வூஜோ என்ற பெயருக்குப் புகழ் வந்தது அந்த ஒயினுக்குத்தான்.

1789இல் புரட்சி. தேவாலயச் சொத்தெல்லாம் தேசத்துக்குன்னு சட்டம் வந்தது. 1791இல் க்ளோவை ஏலம் போட்டாங்க. கை மாறி மாறி, 1818இல் ஊவ்ரார் குடும்பத்தின் கைக்கு வந்தது. புரட்சிக்குப் பிறகும் பெயரின் மவுசு குறையலை. இந்தச் சுவரைத் தாண்டிப் போற ஒரு படைத்தலைவர் தன் வீரர்களை நிறுத்தித் தோட்டத்துக்கு சல்யூட் அடிக்க வெச்சார்னு ஒரு கதை ஓடுச்சு. சல்யூட் எந்தப் பகுதி மண்ணுக்குன்னு யாரும் கேட்கலை. சுவருக்குத்தான்.

1889இல் ஊவ்ரார் குடும்பத்திடமிருந்து க்ளோ வணிகர்களின் கைக்குப் போச்சு. இந்த முறை முழுசா இல்லை, துண்டு துண்டா. அதே காலகட்டத்தில்தான் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா பூச்சி பர்கண்டியின் வேர்களைத் தின்னுக்கிட்டிருந்தது. கொடிகளைப் பிடுங்கி, அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித் திரும்ப நட வேண்டிய செலவு. விற்கிறவங்க விற்றாங்க. அதுக்கு மேல பிரெஞ்சு வாரிசுச் சட்டம். பிள்ளைகளுக்குள்ள பாகம் பிரிக்கணும். நம்ம ஊர்ப் பட்டா கதைதான், சொல்லத் தேவையில்லை. இன்னிக்கு அந்தச் சுவருக்குள்ள சுமார் எண்பது சொந்தக்காரங்க. சராசரியாகப் பார்த்தால் தலைக்கு ஒன்றரை ஏக்கர். சிலருக்கு மொத்தமா நாலைந்து வரிசைக் கொடிகள்தான்.

1930களில் பிரான்ஸ் அரசு ஒயின் பெயர்களுக்குச் சட்ட எல்லை வரைஞ்சது. பொருளாதார மந்தம், கலப்பட ஒயின், போலிப் பெயர். பெயரைக் காப்பாத்தலைன்னா விவசாயி பிழைக்க முடியாது என்ற நிலை. 1935இல் அதுக்கென்றே ஒரு அமைப்பு வந்தது. 1937இல் க்ளோ த வூஜோவுக்கு எல்லை போட்டாங்க. அந்த எல்லையைப் போட ஆறு நூற்றாண்டுப் பழைய சுவர் ஏற்கெனவே நின்னுக்கிட்டிருந்தது. சுவருக்கு உள்ளே எல்லாம் கிராண்ட் க்ரூ.

இதைத் தப்புன்னு சட்டுனு சொல்லிட முடியாது. பெயர் சம்பாதிச்சது முழுத் தோட்டம்தான், மேல் பாதி மட்டும் இல்லை. 'உன் துண்டு கீழே இருக்கு, நீ வெளியே போ'ன்னு சொன்னால் அந்தச் சொந்தக்காரர் கேட்பார்: துறவிகள் என் மண்ணின் ஒயினையும் சேர்த்துத்தானே கலந்தாங்க? அவர் கேள்வி நியாயம்தான். ஆனா கலக்கிற கை போயிடுச்சு. முன்னாடி ஒரு பெயருக்கு ஒரு ஒயின். இப்போ ஒரு பெயருக்கு எத்தனையோ ஒயின், ஒவ்வொண்ணும் தன் மூலையை மட்டும் பேசுது. அதனால விஷயம் தெரிஞ்சவங்க க்ளோ த வூஜோ வாங்கும்போது தோட்டத்துப் பெயரைப் பார்க்க மாட்டாங்க. தயாரிப்பாளர் யார், அவர் வரிசைகள் எந்த உயரத்தில் இருக்குன்னு விசாரிப்பாங்க. கீழ்ப்பகுதியில் இருந்தும் பொறுமையா வேலை செஞ்சு, காய்ப்பைக் குறைச்சு, நல்ல ஒயின் எடுக்கிறவங்க உண்டு. மேல் பகுதியை வெச்சுக்கிட்டுச் சொதப்புறவங்களும் உண்டு. என் கணிப்பைக் கேட்டால், வாங்குறவங்களுக்கு நேர்மையா இருக்கணும்னா பாட்டிலில் மூணு பகுதிக்கும் மூணு பெயர் போடலாம். மேல் பகுதியின் சில துண்டுகளுக்குத் தனிப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கு. நடக்காது என்பதும் தெரியும். கீழே இருக்கிற யார் கையெழுத்துப் போடுவாங்க?

இது நமக்கு ரொம்ப தூரத்துக் கதை மாதிரி இருக்கலாம். ஆனா புவிசார் குறியீடு பற்றி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு பொருளின் தரம் அது விளையும் இடத்தால் வருதுன்னா அந்த இடத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. இந்தச் சிந்தனைக்கு முன்னோடிகளில் முக்கியமானது பிரான்ஸின் ஒயின் சட்டங்கள்தான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் வழியா அது உலகச் சட்டமாச்சு, இந்தியா 1999இல் தன் சட்டத்தை இயற்றினது. 2013இல் மதுரை மல்லிக்குக் குறியீடு கிடைச்சது இந்த வழியில்தான். அங்கேயும் எல்லை மதுரையோட நிக்கலை, பக்கத்து மாவட்டங்களும் உள்ளே இருக்கு. கோடு எங்கே போடணும் என்ற கேள்வி வர்றப்போ மண் ஒரு பதில் சொல்லும், பூ பறிக்கிறவங்க பிழைப்பு ஒரு பதில் சொல்லும். வூஜோ சண்டையும் இதேதான்.

கடைசியா ஒரு விஷயம். வூஜோவுக்குத் தெற்கே போன் என்று ஒரு நகரம். நம்ம கையில் இருக்கிற போன் இல்லை, பர்கண்டி ஒயின் வியாபாரத்தின் தலைநகரம். அங்கே திராட்சை அறுவடை தொடங்கின தேதிகள் 1354லிருந்து பதிவுகளில் கிடைக்குது. தோமா லாபே என்ற வரலாற்றாளரும் அவர் குழுவும் அந்த 664 வருஷத் தேதிகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டாங்க. 1987 வரைக்கும் சராசரியா செப்டம்பர் 28 வாக்கில் அறுவடை தொடங்கியிருக்கு. 1988க்குப் பிறகு சராசரியா 13 நாள் முன்னாடி வந்துடுச்சு. 2003 வெப்ப அலையில் ஆகஸ்ட் மாசமே கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதாச்சு.

துறவிகள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலை வெயிலும் வடிகால் மண்ணும் குளிரான, ஈரமான ஒரு பர்கண்டிக்கான விடை. அங்கே பிரச்சினை வெயில் போதாதது, தண்ணீர் கூடுதலானது. இப்போ பிரச்சினையே மாறிக்கிட்டிருக்கு. நாற்பது சென்டிமீட்டர் மண் உள்ள மேல் பகுதியில் காய்ச்சல் வருஷங்களில் இலை மஞ்சளாகி, பழம் சுருங்கும். அப்போ ஒரு மீட்டர் களி உள்ள கீழ்ப்பகுதி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு நிதானமா பழுக்கும். நான் சேறு மிதிச்ச அதே வரிசைகள்தான்.

வசந்தகால உறைபனி மட்டும் இன்னும் கீழேதான் போய்த் தேங்குது. துளிர் முன்னைவிடச் சீக்கிரம் வர்றதால் அடியும் பலமா விழுது.

ஃபிலாக்ஸெரா பற்றித் தனியா ஒரு எபிசோடு வேணும்னு பல பேர் எழுதியிருந்தீங்க. அடுத்த வாரம் அந்தப் பூச்சியோட சந்திப்போம்.